இரண்டு தடவை கழித்த மதிப்பெண்

பள்ளியில் அவளை 'நிகரம்' என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைப் படித்துக் கூப்பிடும்போது அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைக்கும்.

அவளுடைய அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவர். சுமையோடு லாரி மேடையில் ஏறி நின்றால் மொத்த எடை. சுமையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏறினால் வண்டி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிகர எடை. அதுதான் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சாகும். மற்ற இரண்டும் மேலே சின்னதாக இருக்கும், யாரும் படிப்பதில்லை.

அவள் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அறிவியல் விடைத்தாளை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். மதிப்பெண் கூட்டலில் ஏதோ விட்டுப்போயிற்று என்று டீச்சர் நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். அவளோ இரண்டு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னாள். பதினோராவது கேள்விக்கு அவள் விடையை யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பெண் தாளைத் திருப்பிவிட்டாள். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வதற்குள் பார்த்தாகிவிட்டது. "இது என்னோடது இல்ல டீச்சர்" என்றாள். டீச்சர் குறைக்கவில்லை. அவளாகவே வீட்டில் போய் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறைத்துக்கொண்டாள். இதை யாரோ பார்த்துவிட, அன்றைக்கு ஒட்டிய பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை உரியவில்லை.

வீடு எடைமேடைக்கு மேலேயே இருந்தது. கீழே கண்ணாடி வைத்த சின்ன அறை, அதில் அப்பா. மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. லாரி மேடையில் ஏறும்போதெல்லாம் சமையலறையில் மூடிகள் அதிரும். சுமை வண்டிக்கு ஒரு சத்தம், காலி வண்டிக்கு வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு அவளால் சொல்ல முடியும்.

அப்பாவுக்கு 'சுமார்' என்ற சொல் ஆகாது. ஓட்டுநர்கள் யாராவது "சுமாரா பதினெட்டு டன் இருக்கும்ணே" என்றால், "அப்ப நீயே சீட்டு எழுதிக்கோ, நான் கையெழுத்துப் போடறேன்" என்பார். ஓட்டுநர் இறங்க வேண்டும், கூட வந்தவர் இறங்க வேண்டும், தண்ணீர்க் கேனை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளை ஒரு முறை அறுபத்துநான்கு கிலோ வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

அம்மாவுக்கு எல்லாமே சுமார்தான். அம்மா மேல் அறையில் தையல் இயந்திரம் வைத்திருந்தாள். தையல் இயந்திரம் ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம், இரண்டையும் மீறி அம்மாவின் குரல். துணி தைக்கக் கொடுத்தவர்களோடு பேச்சு, ஜன்னல் வழியாக ஓட்டுநர்களோடு சண்டை, சண்டை போட்ட ஓட்டுநரிடமே அவன் பெண்டாட்டிக்கு உடம்பு எப்படி என்று விசாரணை. அம்மா கத்தினால் மேடையில் பத்து கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அப்பா அதை மறுத்ததில்லை, சோதித்துப் பார்த்ததும் இல்லை.

அம்மாவுக்கு நோய் முற்றியபோது மருத்துவர், சுமார் ஆறு மாதம் என்றார். அப்பா வழக்கம்போல, கூட்டிச் சொல்கிறீர்களா, கழித்துச் சொல்கிறீர்களா என்று கேட்டார். மருத்துவருக்குக் கேள்வி புரியவில்லை. நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆயிற்று. அதற்கப்புறம் வீட்டில் மூடிகளின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

அந்த வருடம்தான் அவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டிய வருடம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படிப்பு, அதுவும் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில். புவி இயற்பியல். பூமி எங்கே எவ்வளவு அதிர்கிறது, ஏன் அதிர்கிறது என்று படிப்பது. தகவல் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது: உருளையில் சுற்றிய தாளில் ஒரு முள் கோடு போட்டுக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டைப் பார்த்ததும், இது வெங்காய லாரி மேடையை விட்டு இறங்குவதுபோல் இருக்கிறதே என்று நினைத்தாள். மற்றவர்களிடம் இல்லாத ஒரு தகுதி தன்னிடம் இருப்பதாக அரை நாள் நம்பினாள். பிறகு, அந்த வீட்டில் யார் பிறந்திருந்தாலும் அது தெரிந்திருக்கும் என்று அதையும் கழித்துவிட்டாள்.

இருபத்துநான்கு இடம். முந்தைய வருடம் விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். பாழான எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் அவள் எப்போதும் கணக்குப் போடுவாள். நூற்றுக்கு ஒன்றேகால் என்று வந்தது. இது சரியான கணக்கு இல்லை, சும்மா விண்ணப்பித்து வைப்பவர்களைக் கழிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறுதித் தேர்வுக்கு முன்பே பல்கலைக்கழகம் ஆள் தேடத் தொடங்கிவிடும். ஆகவே விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் மதிப்பெண்' என்று ஒரு கட்டம் இருந்தது. மாணவரே மதிப்பிட்டு எழுத வேண்டும், வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்து எழுபத்திரண்டு பேரை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். மூன்றில் ஒருவருக்கு இடம். கடைசியாக அழைக்கப்பட்டவரின் எண் முந்தைய வருடம் நூற்று எழுபத்திரண்டு என்று தகவல் புத்தகத்திலேயே போட்டிருந்தது.

மாதிரித் தேர்வில் அவள் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தேழு வாங்கியிருந்தாள். சீட்டின் பின்பக்கம் 'மொத்தம் 187' என்று எழுதினாள். பிறகு கழிக்க உட்கார்ந்தாள். தெரியாமல் குத்துமதிப்பாக எழுதிச் சரியாகிப்போன கேள்விகள் இரண்டு: நான்கு மதிப்பெண். முந்தின வாரம்தான் கணக்கு டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அதே கணக்கு: ஐந்து. கையெழுத்து நன்றாக இருப்பதால் திருத்துபவர் இரக்கப்பட்டுப் போட்டது என்று அவளுக்குத் தோன்றியது: மூன்று. ஆகமொத்தம் பன்னிரண்டு. 'நிகரம் 175.' அப்போதும் நூற்று எழுபத்திரண்டுக்கு மூன்று மேலேதான். நேர்காணலுக்கு அழைப்பு வர நூற்றுக்கு எழுபது, அதில் மூன்றில் ஒரு பங்கு, எனவே இருபத்துமூன்று சதவீதம். நம்பிக்கைக்கும் இடம் இருந்தது, பேராசைக்கு இடம் இல்லை. அந்த எண் அவளுக்குப் பிடித்திருந்தது.

கட்டத்தில் 175 என்று எழுதினாள்.

வகுப்பாசிரியராக இருந்த கணக்கு டீச்சர் விண்ணப்பம் கொடுத்த அன்றே, எண்ணை எழுதும்போது கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லியிருந்தார். அது தன்னம்பிக்கை இல்லாத பிள்ளைகளுக்குச் சொன்னது என்று நிகரம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு விண்ணப்பங்களுக்கும் டீச்சர் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சாத்தத் துப்பில்லாத வகுப்பைத் திட்டிக்கொண்டே போட்டார்.

அடுத்த கட்டம் 'சிறப்புச் சூழ்நிலை'. நோய், இடப்பெயர்வு, குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களால் படிப்பு பாதிக்கப்பட்டிருந்தால் எழுதலாம். அதில் அவள் 'இல்லை' என்று எழுதினாள். பெற்றோர் கையெழுத்துக்காக அப்பாவிடம் போனபோது, ஜல்லி லாரி ஒன்று மேடையில் நின்றுகொண்டிருந்தது. அப்பா அந்த 'இல்லை'யைப் பார்த்தார். லாரிக்காரன் ஒரு முறை ஹாரன் அடித்தான். இன்னொரு முறையும் அடித்தான். அப்பா கையெழுத்துப் போட்டார்.

சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவின் தங்கை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் இரண்டில் ஒன்றாகத்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் விண்ணப்பத்தின் நகலைப் படித்துவிட்டு, பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றவில்லை.

"ஏண்டீ, 'இல்லை'ன்னு எழுதியிருக்கே. எங்க அக்கா செத்தது உனக்குப் பெரிசா, பெரிசில்லையா?"

"படிப்பு பாதிச்சிருந்தா எழுதச் சொல்லியிருக்காங்க சித்தி. மார்க் குறையலையே."

"குறையலேன்னா குறைஞ்சதுன்னு எழுது. அவங்க வந்து பார்க்கவா போறாங்க? மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

தான் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டதாக அப்பா சொன்னார். அப்பனும் மகளும் சேர்ந்து ஒரு நல்ல வாய்ப்பைத் தூக்கித் தெருவில் போடுகிறீர்கள் என்று சித்தி தீர்ப்பு சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததற்குச் சமையலறையில் பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மதிப்பெண் குறையவில்லை என்று சித்தியிடம் சொன்னது உண்மை. முழு உண்மை வேறு. அம்மா இறப்பதற்கு முன்பு நடந்த மாதிரித் தேர்வில் அவள் வாங்கியது நூற்று எழுபத்தொன்பது. இறந்த பிறகு நடந்ததில் நூற்று எண்பத்தேழு. தையல் இயந்திரம் இல்லை, ரேடியோ இல்லை, ஜன்னல் சண்டை இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது, 'இந்த ஊசியில கொஞ்சம் நூல் கோத்துக் கொடு' என்று கூப்பிட ஆள் இல்லை. முன்பு மூன்று மணி நேரம் எடுத்த பாடம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எட்டு மதிப்பெண் கூடிவிட்டது.

கழிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டபோது இந்த எட்டும் பேனா முனை வரைக்கும் வந்தது. எழுதவில்லை. கழித்தால் அம்மா போனதால் தனக்கு லாபம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கழிக்காவிட்டால் அதைத் தன்னுடைய திறமை என்று சொல்லிக்கொண்டதாகிவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் அவள் முழித்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகம் வருந்தியது. அவளுடைய 'சீரமைக்கப்பட்ட மதிப்பெண்' 165 என்றும், இந்த ஆண்டும் நேர்காணலுக்கான எல்லை 172 என்றும் எழுதியிருந்தது.

அவள் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். தோற்றதைவிட அந்த எண்தான் முதலில் உறுத்தியது. எழுதியது நூற்று எழுபத்தைந்து. பத்தைக் காணோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவள் என்ன எழுதினாள் என்று கேட்டார். சொன்னாள்.

"நூத்தி எண்பத்தேழு வாங்கினவ எதுக்கு நூத்தி எழுபத்தஞ்சு எழுதினே?"

"கழிச்சேன் டீச்சர்."

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். பிறகு நிதானமாக விளக்கினார். அந்த வகுப்பில் நூற்று அறுபது வாங்கியவர்கள்கூட நூற்று எழுபத்தைந்துக்குக் குறைந்து எழுதவில்லை. ஒரு பெண் இருநூற்றுக்கு இருநூறு எழுதியிருந்தாள், அதற்கும் டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாப் பள்ளியிலும் இதேதான். எல்லாரும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். அதனால் வருகிற எல்லா எண்ணிலும் கண்ணை மூடிக்கொண்டு பத்தைக் கழித்துவிடுவார்கள். புத்தகத்தில் போட்டிருந்த நூற்று எழுபத்திரண்டு, கழித்த பிறகு வந்த எண்.

"இது ஊருக்கே தெரியுமே" என்றார்.

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாம போச்சு பாரு" என்று டீச்சர் தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பள்ளித் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த முறை எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அப்பா கடிதத்தையும் பள்ளித் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. முகம் மட்டும் மாறிவிட்டது. ஓட்டுநர்கள் தண்ணீர்க் கேனை ஒளித்து வைப்பதை அவர் மன்னிப்பார், அது பிழைப்பு. ஒரே வண்டி எடையை இரண்டு தடவை கழிப்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதைச் செய்ததில்லை. செய்த ஒருவரைத் தெரியும், அவர் இப்போது வேறு வேலை பார்க்கிறார்.

"மறு எடை கேப்போம்" என்றார்.

நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருந்தது. அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அப்பா எடுத்த முதல் விடுப்பு அது. இரண்டு பேருந்து மாறிப் போனார்கள். வழி நெடுக, அவர்கள் கேட்டுக்கொள்ள என்ன வாய்ப்பு என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். நான்கு சதவீதத்துக்கு மேல் போகவில்லை. அப்பா ஜன்னல் வழியாக எதிரில் வருகிற லாரிகளைப் பார்த்து, எது அதிகச் சுமை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அதுதான் ஓய்வு.

சேர்க்கைப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. நீளமான அறை, தடுப்புக் கண்ணாடி, கண்ணாடியில் பேசுவதற்கென்று வட்டமாக ஒரு துளை. துளை குட்டையானவர்களுக்கும் ஒத்துவராத, நெட்டையானவர்களுக்கும் ஒத்துவராத உயரத்தில் இருந்ததால் எல்லாரும் குனிந்தோ எக்கியோ பேசினார்கள். உள்ளே இருந்த எழுத்தர் அம்மாளுக்குக் கட்டைவிரலில் பிளாஸ்திரி. காகிதம் கிழித்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா குனிந்து, தான் எடைமேடையில் வேலை பார்ப்பவர் என்று ஆரம்பித்தார். அது எதற்கு என்று அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, கணினியில் பார்த்தார்.

"எல்லாருக்கும் பத்து கழிக்கிறதுதாங்க முறை."

"கழிச்சதிலேயே கழிச்சிருக்கீங்கம்மா."

"உங்க பொண்ணு ஏற்கெனவே கழிச்சு எழுதும்னு நாங்க எப்படிங்க கண்டோம்? நான் பதினாலு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். கூட்டி எழுதினதுக்கு சண்டை போட வந்தவங்க உண்டு. குறைச்சு எழுதினேன்னு யாரும் வந்ததில்ல."

அப்பா பள்ளித் தாளைத் துளைக்கு அடியில் தள்ளினார். எழுத்தர் அம்மாள் அதைப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், அவளையும் ஒரு முறை பார்த்தார். பட்டியல் மூடியாகிவிட்டது என்றும், மூடிய பட்டியலைத் திறக்கக் கணினி ஒரே ஒரு காரணத்தைத்தான் ஒப்புக்கொள்ளும் என்றும் சொன்னார். சிறப்புச் சூழ்நிலைக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் கோப்பு தானாகக் குழுவுக்குப் போகும். குழு மற்றத் தாள்களையும் பார்க்கும். 'இல்லை' என்று இருந்தால் போகாது. அந்தக் கட்டத்தை மட்டும் இப்போதும் திருத்தலாம்.

"வீட்ல கடந்த ஒரு வருஷத்துல ஏதாவது... உடம்பு சரியில்லாம, அந்த மாதிரி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அதற்குமேல் கேட்கத் தேவைப்படவில்லை. திருத்தப் படிவத்தைத் துளைக்கு அடியில் நீட்டி, "ஒரு வரி போதும்மா. அங்க பெஞ்சு இருக்கு, உட்கார்ந்து எழுதிட்டு வாங்க" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எழுதினால் குழுவுக்குப் போகும். குழுவுக்குப் போனால் நூற்று எண்பத்தேழை யாராவது பார்ப்பார்கள். எழுதாவிட்டால் அடுத்த பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்பா, எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார்.

அவள் எழுதினாள். அதிக நேரம் எடுக்கவில்லை. பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவம் அப்பாவின் கைக்குப் போனது.

'என் அம்மா சென்ற ஆண்டு இறந்துவிட்டார். அதன் பிறகு என் மதிப்பெண் எட்டு கூடியது.'

அப்பா படித்தார். மறுபடி படித்தார். எடைச் சீட்டைப் பார்ப்பதுபோல் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எட்டா?"

"எட்டு."

"ஏன் சொல்லல?"

"எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியலப்பா."

அவர் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர், அதில் யாரும் கிழிக்காத இரண்டு மாதம். அதையே பார்த்துக்கொண்டு, "எனக்கும் கீழ வேலை சீக்கிரம் முடியுது" என்றார். "ஜன்னல்ல இருந்து யாரும் கூப்பிடறதில்ல இல்ல. ஒரு நாளைக்கு அஞ்சு வண்டி கூட."

கையெழுத்துப் போட்டார். வழக்கமான கையெழுத்துதான், கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

எழுத்தர் அம்மாள் படிவத்தைப் படித்துவிட்டு, "இது மார்க் குறைஞ்சதுன்னு எழுதற கட்டம்மா" என்றார்.

"கூடினதுன்னு எழுத வேற கட்டம் இருக்கா மேடம்?"

எழுத்தர் அம்மாள் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார், பக்கத்து மேசைக்காரரிடமும் கேட்டார். "இல்லம்மா."

"அப்ப இதுலயே இருக்கட்டும்."

எழுத்தர் அம்மாள் அதற்குமேல் வாதாடவில்லை. பிளாஸ்திரி போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் அந்த இரண்டு வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கணினியில் ஏற்றினார்.

ஆறாவது நாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எழுபத்திரண்டு பேரோடு எழுபத்து மூன்றாவதாக அவளுடைய எண்ணைக் கையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அவள் உடனே வாய்ப்பைத் திருத்தினாள்: முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. சித்தி தொலைபேசியில், எழுதினாயா இல்லையா என்று கேட்டாள். எழுதினேன் என்றாள். என்ன எழுதினாள் என்று சித்தி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேர்காணல் அறையில் மூன்று பேர். இருவர் பாறைகளைப் பற்றியும் அலைகளைப் பற்றியும் கேட்டார்கள். ஐந்து கேள்விக்கு மூன்றுக்குப் பதில் சொன்னாள். இரண்டுக்குத் தெரியாது என்றாள். மூன்றாவதாக இருந்த வயதான பெண் பேராசிரியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவளுடைய கோப்பை அதுவரை மௌனமாகப் புரட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மார்க் கூடியிருக்கு. அதைப் போய்க் கஷ்டம்னு எழுதியிருக்கியே, ஏன்?"

இதற்கு அவள் தயாராக வரவில்லை. ஒன்பது நாளில் இருபத்தாறு கேள்வி தயார் செய்திருந்தாள், அதில் இது இல்லை.

"வீட்ல சத்தமே இல்ல மேடம்" என்றாள். "நல்லாப் படிக்க முடிஞ்சது."

பேராசிரியர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். மற்ற இருவரில் ஒருவர் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்கவில்லை. போகலாம் என்றார்கள்.

வெளியே வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டு ஒன்றைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். அந்தக் கடைசி பதிலுக்கு எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்று பிடிபடவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். சுமார் என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இடம் கிடைத்தது. இருபத்துநான்கில் பத்தொன்பதாவது பெயர். எதற்கு எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள் என்று பிரித்துக் காட்டும் தாள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். இல்லை. சித்திக்குத் தகவல் சொன்னது அப்பாதான். எதனால் கிடைத்தது, மார்க்காலா, எழுதினதாலா என்று சித்தி தன் வழக்கப்படி இரண்டில் ஒன்றாகக் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் அப்பா. "பிரிச்சுப் பார்க்க முடியல."

இறுதித் தேர்வில் நூற்று எண்பத்தைந்து வந்தது. அதில் அவள் எதையும் கழிக்கவில்லை. கழிப்பதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர். ஒருத்தி பாட்டு வகுப்புக்குப் போகிறவள், காலையில் குளியலறையிலிருந்தே தொடங்கிவிடுவாள். ஒருத்தி தன் அண்ணியோடு தொலைபேசியில் சண்டை போடுவாள், சமாதானமும் அதே குரலில்தான். கீழ்க்கட்டிலில் இருப்பவள் எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்பாள். அறைக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார். நிகரம் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாததால், சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் முடிந்து ஒரு மாலை அப்பா பேசினார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். தண்ணீர் எப்படி என்று கேட்டார். அதுவும் பரவாயில்லை.

"அங்க சத்தமா இருக்குமா?"

"ரொம்ப சத்தம்பா. இப்பக்கூட ஒருத்தி பாடிட்டிருக்கா, கேக்குதா?"

"கேக்குது. படிக்க முடியுதா?"

"முடியல. முதல் தேர்வுல நூத்தி நாப்பத்தொண்ணு."

மொத்தமா, கழித்ததா என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"நல்லது" என்றார்.

அவளுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. கீழ்க்கட்டில்காரி, யாரு, அப்பாவா என்று இரண்டாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.